சத்தம் போடும் பெல்ட்

அப்போது ஷார்ஜா ரோலாவில் ஒரு தோல் சாமான் கடையில் இருந்தேன். வேலை இருந்தது, விசா இல்லை. விசிட் விசாவில் வந்து நாள் முடிந்தும் தங்கிவிட்டவன். பிடிபட்டால் ஜெயில், அப்புறம் ஊர், அதோடு கல்ஃபை மறந்துவிட வேண்டியதுதான். மாடிப்படியில் ஷூ சத்தம் கேட்டாலே ரூம் விளக்கை அணைத்துவிடுவேன். எங்கள் ரூமிலிருந்து ஒருவனைப் போலீஸ் கூட்டிப்போன அன்று நான் பாத்ரூமில் ஒளிந்திருந்தேன். வந்தவரின் இடுப்பில் கைவிலங்கு கிலுங் கிலுங்கென்று ஆடியதை மட்டும் கேட்டேன். அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவே இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா படப் புத்தகத்தோடு கடைக்கு வந்தார். நாடகத்துக்குப் பழைய ரோமாபுரிச் சிப்பாய் பெல்ட் பன்னிரண்டு வேண்டுமாம். படத்தில் பெல்ட் முழுக்கப் பித்தளைத் தகடு. முன்பக்கம் தொடைவரை தோல் வார்கள் தொங்கின, அவற்றிலும் வரிசையாக வட்டத் தகடுகள். கத்தியைத் தடுக்கிற கனம் இல்லை, எதையும் மறைக்கிற அகலமும் இல்லை. இது என்ன எழவுக்கு என்று திட்டிக்கொண்டே தைத்தேன். நடந்தால் தகடுகள் மோதிச் சலசலத்தன. எங்கள் தொழிலில் பக்கிள் ஆடிச் சத்தம் போட்டால் அது மட்டமான வேலை. அதனால் ஒவ்வொரு தகட்டுக்கும் அடியில் கம்பளித் துண்டை வைத்து ஒட்டிவிட்டேன்.

டீச்சரம்மா வந்து பெல்ட்டைக் குலுக்கினார். முகம் சுருங்கிவிட்டது. அவர் சொன்னதை முதலாளி பாய் எனக்குத் தமிழில் சொன்னார்.

"கெடுத்துட்டியே தம்பி! சத்தம் வரத்தான் அந்த வாரே தொங்குதாம். சண்டைக்கு இல்ல, பகட்டுக்கு. இடுப்பப் பாத்தாலே இவன் சிப்பாய்னு தெரியணும். தெருவுல வந்தா சத்தத்தக் கேட்டே சனங்க ஒதுங்கணும். படிச்சவங்க அப்படித்தான் நெனைக்கிறாங்களாம்."

"சத்தத்துக்கே பயப்படுவாங்கன்னு எனக்கா தெரியாது, பாய்?" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மத்தியானம், கடைகள் சாத்தியிருக்கும் நேரம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்பளியை எல்லாம் பிய்த்து முடித்தேன். பின்னறையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து ரெண்டு வாய் வைத்திருப்பேன். ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. பிறகு ஷூ. பிறகு கிலுங், கிலுங், கிலுங். அது என் பக்கமாகவே வந்தது.

ஐயோ, வந்துட்டான்! எச்சில் கையோடு பின்கதவைத் தள்ளிக்கொண்டு சந்தில் பாய்ந்தேன்.

"டேய் தம்பி, நான்தான்டா! சும்மா பெல்ட்டக் கட்டிப் பாத்தேன்! ஓடாதே!" என்று பாய் பின்னாலேயே கத்தினார். கேட்டது, புரியவும் புரிந்தது. ஆனாலும் பாழாய்ப்போன கால் நின்றால்தானே?

சந்து முனையில் நிழலில் ஒருவர் நின்றிருந்தார். சாதாரணச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் ஒன்றும் இல்லை. மஃப்டி போலீஸ். எதிரே அலறியடித்துக்கொண்டு ஓடி வருகிறவனை அவர் எப்படி விடுவார்? என் தோளைப் பிடித்து நிறுத்தி, "பத்தாக்கா?" என்று மெதுவாகக் கேட்டு, அடையாளக் கார்டுக்காகக் கையை நீட்டினார்.

என் கையில் சோறுதான் இருந்தது.