அடிமீட்டர் அக்காவும் ஒரு சுவரும்

விளையாட்டுச் சேனலில் எல்லோரும் அவளை அடிமீட்டர் அக்கா என்றே கூப்பிட்டார்கள். வெளிநாட்டுப் போட்டிகள் நேரலையில் ஓடும்போது தூரத்தையும் உயரத்தையும் திரையின் கீழே தட்டச்சு செய்வது அவள் வேலை. வர்ணனையாளருக்கு அடிக்கணக்கைத் தவிர வேறு எதுவும் வாயில் வராது. தயாரிப்பாளருக்கோ மீட்டர்தான் உயிர். இருவரும் ஹெட்போனில் மாறி மாறிக் கத்துவார்கள். கடைசியில் அடி வாங்குவது அவள்தான். வீட்டில் கணவர் தையல்காரர். அங்கே எல்லாம் அங்குலம்.

அன்று கோலூன்றித் தாண்டும் போட்டி. சாம்பியன் ஆறு மீட்டர் தாண்டினான். கத்தலுக்கு நடுவே அவள் 'ஆறு அடி' என்று போட்டுவிட்டாள். உடனே போன் அடித்தது. பேசியவர் ஒரு பெயின்டர்.

"ஆறடிக்கா தங்க மெடல் குடுக்கறீங்க? சாவிய மறந்தா நான் எங்க காம்பவுண்டு சுவர தாண்டித்தான் வீட்டுக்குள்ள போறேன். அதுவும் ஆறடிதாங்க."

தப்பு தன்னுடையது என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மனிதர் நம்பவில்லை. மறுநாள் மூங்கில் கழியோடு சேனல் வாசலில் வந்து நின்றார்.

தவறை ஒப்புக்கொள்ள மனமில்லாத தயாரிப்பாளர், அலுவலகச் சுவரையே நேரலையில் தாண்டச் சொன்னார். அதுவும் ஆறடிச் சுவர். பெயின்டர் அலட்டிக்கொள்ளாமல் தாண்டி, அந்தப் பக்கம் நின்ற மேலாளரின் கார்மேல் விழுந்தார்.

இப்போது திரையில் என்ன போடுவது? அடியில் போட்டால் பெயின்டரும் சாம்பியனும் ஒன்றாகிவிடுவார்கள். மீட்டரில் போட்டால் நேற்றைய குட்டு உடைந்துவிடும். காதில் வர்ணனையாளரும் தயாரிப்பாளரும் கத்தினார்கள். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, 'ஒரு சுவர்' என்று தட்டினாள்.

நேயர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. ஜென்மப் பகையாளிகள் இருவரும் முதல்முறையாக ஒத்துப்போனார்கள். சாம்பியன் தாண்டியது மூன்றேகால் சுவர் என்று அறிவித்தார்கள். ஓட்டப்பந்தயங்களுக்குச் சுவரைப் படுக்கப்போட்டுக் கணக்கிட்டார்கள்.

குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து சுவரைப் பார்த்தார்கள். சிலர் ஏறியும் உட்கார்ந்தார்கள். காவலாளியின் நச்சரிப்புத் தாங்காமல் மேலாளர் சுவரை உயர்த்த இரண்டு வரிசை செங்கல் வைக்கச் சொன்னார்.

அடுத்த போட்டியில் அதே சாம்பியன் முன்னைவிட உயரமாகத் தாண்டினான். அவள் புதுச் சுவரை வைத்து ஒழுங்காகக் கணக்குப் போட்டாள். மூன்றே சுவர்தான் வந்தது.

வர்ணனையாளர் நேரலையிலேயே பெருமூச்சு விட்டார். "பாவம், வயசாயிடுச்சு. கால்ல பழைய தெம்பு இல்ல."

ஆமாம், இனி அவன் ஓய்வு பெறுவதுதான் மரியாதை என்றார் தயாரிப்பாளர். அவளோ மேசைக்கடியில் குனிந்து, ஒயரைத் தேடுவதுபோல, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.