வழியனுப்பு ஜெபம்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. எங்கள் தமிழ்ச் சபை அப்போது லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடியது. சபையிலிருந்து ஆப்பிரிக்காவில் மலாவிக்கு ஊழியத்துக்குப் போயிருந்த கணவனும் மனைவியும் விடுப்பில் வந்து எங்கள் வீட்டு மேலறையில் ஆறு வாரம் தங்கினார்கள். மூன்று கிராமச் சபைகள் அவர்களுடைய பொறுப்பில் இருந்தன. அண்ணை, அக்கா என்றுதான் நான் அவர்களைக் கூப்பிடுவேன்.

வந்த அன்றே அக்கா சமையலறை நிலத்தில், கால்களை ஒருபக்கம் மடித்து இருந்து வெங்காயம் உரித்தார். பக்கத்தில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு கதிரைகள் சும்மா நின்றன. அண்ணை கதவடியில் நின்று பகிடி விட்டார்.

"இஞ்சரும், லண்டனில கதிரைக்குப் பஞ்சமில்லை. எழும்பும்."

"நீங்கள் இருங்கோ. அங்கையும் உங்களுக்குத்தானே கதிரை போடுறவை."

அண்ணை சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. இது பகிடியா, சண்டையா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அக்கா சொன்னார். அண்ணை சைக்கிளில் சபை சபையாகப் போவார், பிரசங்கம் செய்வார், பழுதான தண்ணீர்ப் பம்பைத் திருத்துவார். அக்கா விடியற்காலையில் வாளியுடன் வரிசையில் நிற்பார். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். அதெல்லாம் அவருக்குப் பாரமில்லை.

"செத்த வீடெண்டால் பாஸ்டரின்ர மனிசி பொம்பிளையளோட நிலத்தில இருக்கோணும். அடக்கம் முடியுமட்டும் எழும்பேலாது. ஒண்டும் கதைக்கத் தேவையில்லை, சும்மா இருந்தால் காணும். ஒண்டு முடிய அடுத்தது. செத்ததில கனக்கப்பேர் சின்னப் பிள்ளையள். போன வருசம் முழுக்க நான் நிலத்திலதான் இருந்தன்."

கடைசிச் சனிக்கிழமை உடுப்பு மடிக்கும்போது சொன்னார்.

"நாளைக்கு வழியனுப்பு ஜெபம். முன்னுக்குப் போய் முழங்காலில நிண்டால் திரும்பிப் போறன் எண்டு அர்த்தம். நான் முன்னுக்குப் போகமாட்டன்."

"அண்ணைக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை. நீர் எனக்குப் பக்கத்தில இரும். அது போதும்."

ஏன் என்னிடம் கேட்டார் என்று விளங்கவில்லை. வீட்டு ஜெபக் கூட்டத்தில்கூட நான் வாய்விட்டு ஜெபித்ததில்லை. என் முறை வந்தால் அடுத்தவர் தானாகவே தொடங்கிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் இருந்தோம். பாஸ்டர் கூப்பிட்டதும் அண்ணை முன்னால் போய் முழங்காலில் நின்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பாஸ்டர் இரண்டாம் தரம் கூப்பிட்டார். எல்லாத் தலைகளும் திரும்பின.

அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்து எழும்பினேன். அக்காவும் எழும்பினார். எங்கள் பக்கத்துக் கதவடியில் யாரோ பிள்ளைத் தள்ளுவண்டியை நிறுத்தியிருந்தார்கள். மறுபக்கக் கதவுக்கு நடுப்பாதையைக் கடந்து போகவேண்டும். நாங்கள் நடுப்பாதைக்கு வந்ததும் அங்கே நின்றவர்கள் விலகி முன்பக்கமாக வழிவிட்டார்கள். யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள். திரும்பிப் போக எனக்குத் துணிவு வரவில்லை. நடந்தேன்.

முன்னால் வந்ததும் அக்கா முழங்காலில் நிற்கவில்லை. கால்களை ஒருபக்கம் மடித்து நிலத்தில் இருந்தார். சபை அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டது. எனக்கு மட்டும் அது செத்த வீட்டு இருப்பு என்று தெரியும். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பக்கத்தில் இருந்தேன். எல்லோரும் வந்து கை வைத்து ஜெபித்தார்கள். என் தலையிலும் இரண்டு மூன்று கைகள் இருந்தன. அக்கா என் கையை விடவில்லை.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் அண்ணை பெட்டிகளை நிறுக்கக் கொண்டுபோன நேரம் அக்கா சொன்னார்.

"நீர் எழும்பினபடியால்தான் நான் எழும்பினனான். அங்க எனக்கெண்டு ஒருத்தரும் பக்கத்தில வந்து இருந்ததில்லை."

நான் கதவுக்குப் போகத்தான் எழும்பினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணை கடவுச்சீட்டுகளுடன் திரும்பிவிட்டார்.

மலாவியிலிருந்து அவர்களுடைய ஜெபக் கடிதம் மாதாமாதம் வந்தது. எந்த வீட்டில் அடக்கம் என்றுதான் முதலில் தேடுவேன். அப்படி ஒன்று எழுதியிருந்த நாட்களில் வேலை முடிந்து வந்து, கோட்டையும் கழற்றாமல், சமையலறை நிலத்தில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். அது அக்காவுக்கு என்ன உதவி என்று எனக்குத் தெரியாது. கதவு விஷயத்தை இன்னும் அவருக்கு எழுதவில்லை.