சுகிர்தம் வைத்த பெயர்

ராயபுரத்தில் பிறந்த சுகிர்தம், எண்ணூர் ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டில் ஒன்பது வருஷம் வரும் போகும் பெட்டிகளைக் கணக்கெழுதும் டாலி கிளார்க்காக இருந்தவள். பெட்டி நம்பரைக் கையால் எழுதி எழுதி அலுத்துப்போய், முப்பத்தைந்து வயதில் கம்ப்யூட்டர் கோடு எழுதக் கற்றுக்கொண்டாள். இப்போது அதே யார்டின் வெப் அப்ளிகேஷன் அவள் எழுதியதுதான். பெட்டிக்குள் பூச்சிமருந்துப் புகை இருந்தால் திரையில் சிவப்பு. புகை போய்விட்டதா என்று அளந்து பார்த்தபின் பச்சை. பச்சை என்றால் கதவைத் திறக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை, வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு யார்டு சூப்பர்வைசர் சாவியோவிடமிருந்து போன்.

"யக்கா, பதினேழாம் நம்பர் பொட்டி காலைல செவப்பா இருந்துச்சு. இப்போ பச்சையா கீது. நீ எதுனா மாத்துனியா?"

"நான் கையே வெக்கலியே. யாரு அளந்தது?"

"ஒர்த்தரும் அளக்கல. அத்தான் கேக்கறேன்."

"தொறக்க வுடாத!"

"ஐயோ, பொட்டி தொறக்குற வேம்பு அங்கதான் போய்கினு கீறா!"

பெட்டி திறக்கிற இடத்தில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது; வேம்புவைக் கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. சாவியோ ஓடினான். போனை அவன் அணைக்கவில்லை. அவன் மூச்சிரைப்பு, லாரி ஹாரன், "வேம்பு, மூடு! மூடு!" என்ற கத்தல், இரும்புக் கதவு மோதும் சத்தம். பிறகு வெறும் இரைச்சல். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று நின்றாள் சுகிர்தம்.

"ஒரு கதவு தொறந்துட்டாக்கா," என்றான் சாவியோ கடைசியில். "வாந்தி எடுக்குறா. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறோம்."

அழக்கூட நேரமில்லை. யார்டில் அன்று பச்சையாக இருந்தவை நாற்பது பெட்டிகள். எல்லாவற்றையும் சிவப்பாக்கி, திறக்கும் வேலையை நிறுத்தச் சொன்னாள். ஆனால் முந்தின நாட்களில் வெளியே போனவை? எந்தப் பச்சை நிஜம், எந்தப் பச்சை பொய்?

தான் எழுதிய கோடைத் திறந்தாள். பச்சை ஆக்குவது அதில் ஒரே ஒரு மெத்தட்தான், அதாவது பெயர் வைத்த ஒரு கட்டளைத் தொகுப்பு. பெட்டி மறுபடி லாரியில் ஏறத் தயார் என்பதால், யார்டு ஆட்கள் சொல்கிற வார்த்தையையே அதற்குப் பெயராக வைத்திருந்தாள்: ரீலோடு. அளந்தபின் திரையில் ஒரு பட்டனை அழுத்தினால் அது ஓடும். பதினேழாம் பெட்டிக்கு அந்தப் பட்டனை யாரும் அழுத்தியதாகப் பதிவு இல்லை. அப்படியானால் அதைக் கூப்பிட்டு ஓடவைத்தது யார்?

மெத்தடுக்குள், கூப்பிடுவது யாரென்று எழுதிக் காட்டும் ஒரு வரியைச் சேர்த்தாள். பதினேழாம் பெட்டியின் விவரத்தை அன்று காலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேமித்திருந்தது பதிவில் தெரிந்தது. சோதனைக்கென்று வைத்திருந்த பிரதியில் அதேபோல் ஒரே பெட்டியை இரண்டு ஜன்னல்களில் திறந்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் சேமித்தாள். கண்ணெதிரே சிவப்பு பச்சையானது. கூப்பிட்டது அவள் எழுதிய கோடு இல்லை. அப்ளிகேஷனுக்கு அடியில் இருக்கும், வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்தக் கோடான ஃபிரேம்வொர்க்.

ஃபிரேம்வொர்க்கிலும் ரீலோடு என்றே ஒரு மெத்தட் உண்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றிவிடாதபடி ஒரு பெட்டியின் பதிவைப் பூட்டும்போது, டேட்டாபேஸிலிருந்து அதைப் புதிதாக எடுத்து வருவது அதன் வேலை. சுகிர்தம் அதே பெயரை வைத்ததும் அவளுடையது அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. இரண்டு பேர் ஒரே பெட்டியைத் தொட்டால் ஃபிரேம்வொர்க் தன் ரீலோடைக் கூப்பிடும்; ஓடுவது இவளுடையது. சோதித்த நாட்களில் அவள் தனி ஆள். போன வாரம்தான் யார்டில் எல்லாருக்கும் டேப்லட் கொடுத்திருந்தார்கள்.

காரணம் தெரிந்ததும் பட்டியல் வந்தது. பட்டன் அழுத்தாமலே பச்சையானவை மூன்று. இரண்டு யார்டிலேயே இருந்தன. மூன்றாவது, அன்று காலை புழலில் உள்ள ஒரு குடோனுக்குப் புறப்பட்டிருந்தது.

டிரைவர் சௌக்கத் அலி முதல் இரண்டு தடவை போனை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை, "இன்னாமா?" என்றார்.

"பாய், எங்க கீறீங்க? பொட்டிய தொறந்துட்டாங்களா?"

"எங்கம்மா தொறக்கறது? மணலி ரோட்டுல வண்டி வரிசைல நிக்கிது."

"தொறக்காதீங்க பாய். அப்டியே திருப்பிகினு வந்துருங்க."

போனை வைத்துவிட்டு மறுபடி கோடுக்குத் திரும்பினாள்.

மெத்தடின் பெயரை மாற்றினாள். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வேம்பு கட்டிலில் சாய்ந்து மூக்கில் ஆக்சிஜனோடு இருந்தாள். இரண்டு நாளில் அனுப்பிவிடுவோம் என்றிருந்தார் டாக்டர்.

"வேம்பு, தப்பு என்னுதுதான். நான் வெச்ச பேரு," என்றாள் சுகிர்தம்.

வேம்பு அவளையே பார்த்தாள். "பச்சைய நம்பித்தானேக்கா தொறந்தேன்," என்றாள்.

மறுநாள் சுகிர்தம், தான் எழுதிய இருநூற்றுச் சொச்சம் மெத்தட் பெயர்களையும் ஒவ்வொன்றாக ஃபிரேம்வொர்க்கில் தேடிப் பார்த்தாள். இன்னும் இரண்டு மோதின. அவற்றால் இதுவரை ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அப்படியும் அந்த இரண்டின் பெயரையும் மாற்றினாள்.