பகலில் எரிந்த விளக்கு

1950களில், சிங்கப்பூரில் எங்கள் கம்பெனியின் பழைய ஜீப்பை ஓட்டியவர் கழுத்தில் எப்போதும் ஈரத்துண்டு கிடக்கும். விடிந்தால் பொழுது சாயும்வரை வெள்ளைக்காரத் துரை அவரை இறங்க விடமாட்டார்.

ஒருநாள் உட்லண்ட்ஸ் சாலையில், உச்சி வெயிலில், டிரைவர் முன்விளக்கைப் போட்டார். சூடு காட்டும் முள் சிவப்புக்குத் தாவியது. இஞ்சின் கொதிப்பதாகத் துரையிடம் மலாயில் சொல்லிவிட்டு, இறங்கி பானெட்டைத் திறந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஆவியும் இல்லை, கொதிக்கும் சத்தமும் இல்லை.

“எர்த் ஒயரு லூசு. லைட்டைப் போட்டா முள்ளு ஏறிடும்,” என்றார் மெதுவாக.

“சரி பண்ணிடலாமே அண்ணே?”

“பண்ணிட்டா அப்புறம் நான் எப்ப இறங்குறது லா?”

இன்றும் பட்டப்பகலில் விளக்கெரிய ஒரு வண்டி போனால், ஓட்டுபவரின் முகத்தைத்தான் பார்க்கிறேன்.