அவசரமாக ஒட்டிய அடுப்புக்கால்

கோத்தகிரி அருகே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சென்ற மார்கழியில், எஸ்டேட்டில் இலை பறிக்கும் சரோஜாக்கா கால் உடைந்த கணப்பு அடுப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். குளிருக்குக் கரி போட்டு மூட்டும் பழைய வார்ப்பிரும்பு அடுப்பு அது.

"ஏனுங்க, ஊட்ல அவருக்குக் குளிர் காய்ச்சலுங்க. சாயங்காலத்துக்குள்ள வேணுமுங்க" என்றார்.

வார்ப்பிரும்பை முதலில் நிதானமாகச் சூடாக்கி, அதற்கென்று உள்ள நிக்கல் ராடால் ஒட்டி, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். தெரிந்தும், அவர் காத்து நிற்கிறாரே என்று சாதாரண ராடால் ஒட்டினேன். சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீரும் ஊற்றினேன். பார்வைக்கு உறுதியாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள், கரி கனன்றுகொண்டிருந்தபோது அந்தக் கால் முறிந்தது. சாதாரண இரும்பென்றால் முதலில் வளைந்திருக்கும். வார்ப்பிரும்பு சொல்லாமல் உடையும். சரிந்த அடுப்பின் கங்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரோஜாக்காவின் பாதத்தில் கொட்டிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போய் நான் செய்ததைச் சொன்னேன். "நாந்தானுங்க அவசரப்படுத்துனேன்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். சரிவில் நின்று இலை பறிக்க இனி அவரால் முடியாது.

இப்போதெல்லாம் வார்ப்பிரும்பு வேலை என்றால் இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிடுகிறேன். அடுப்புக்கால்களை ஒட்டுவதே இல்லை. கெஞ்சுகிறவர்களிடம் சரோஜாக்காவுக்கு நடந்ததைச் சொல்வேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். சாயங்காலம் பனி இறங்கும்போது அவர்கள் வீட்டை நினைத்துப் பயமாக இருக்கிறது.