களஞ்சிய விதியும் என் ஈரலும்

தர்மபுரத்து விவசாயி ஒருவர் மீது எனக்குப் பொறாமை. அவருடைய வயலைப் பார்த்து அல்ல, ஈரலைப் பார்த்து.

இருவருக்கும் எச்.ஐ.வி., கூடவே ஹெபடைடிஸ் சி. கிளிநொச்சியில் யாரும் கண்டுவிடக் கூடாது என்று ஆளுக்கொரு பஸ்ஸில் வவுனியா கிளினிக்குக்குப் போய், அங்கே ஒரே மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சந்தித்துக்கொண்டோம். எப்படி வந்தது என்று ஒருவரையொருவர் கேட்டதில்லை.

டொக்டர் ஒரே நாளில் இருவருக்கும் விளக்கினார். ஹெபடைடிஸ் சியை மூன்று மாதக் குளிசையால் முற்றாக ஒழிக்கலாம். ஆனால் நாங்கள் எடுத்துவந்த எச்.ஐ.வி. குளிசை அதன் வேலையைக் கெடுக்கும். அதனால் முதலில் புதிய எச்.ஐ.வி. குளிசைக்கு மாற வேண்டும். ஒரு மாதம் கழித்து ஈரலுக்குத் தொடங்கலாம். என் ஈரலில் தழும்பு விழத் தொடங்கியிருந்ததால், நாளைக் கடத்த வேண்டாம் என்று எனக்குத் தனியாகவும் சொன்னார்.

நான் முப்பத்திரண்டு வருடம் அரச களஞ்சியத்தில் இருந்தவன். பழைய இருப்பு முடியாமல் புதியதை உடைக்கக் கூடாது என்பது விதி. அலுமாரியில் ஒரு போத்தல் பழைய குளிசை மிச்சம் இருந்தது. விதிப்படி அதை முடித்தேன். அடுத்த மாதம் டொக்டரிடம் அதைப் பெருமையாகவே சொன்னேன்.

"ஐயா, உங்கட வயிறு களஞ்சியம் இல்லை," என்றார்.

கையெழுத்தைக்கூடக் கோணலாகப் போடும் விவசாயி அன்றே ஈரல் குளிசையோடு வீடு போனார். என்னை இன்னொரு மாதம் பொறுக்கச் சொன்னார்கள்.

குளிசை முடிந்து மூன்று மாதத்தின் பின் எடுக்கும் இரத்தப் பரிசோதனைதான் தீர்ப்பு. போன மாதம் அவருடைய முடிவு வந்தது. தாள் ஆங்கிலத்தில் இருந்தது. டொக்டர் கூப்பிடும்வரை பொறுக்க முடியாமல் விவசாயி அதை என்னிடம் நீட்டினார்.

வைரஸ் காணப்படவில்லை. அந்த ஒரு வரியைத் தேவைக்கு அதிகமான நேரம் வாசித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டுது," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மற்றதுக்குச் சாகும்வரை குளிசைதான்."

"அது தெரியும் சேர். உங்கட முடிவு எப்ப?"

"அடுத்த மாசம்."

"உங்களுக்கென்ன, நீங்களே வாசிப்பியள்."

நாளை என் தாள் வரும். வாங்கில் அவர் இருக்க மாட்டார். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதுமாம். அதிலும் எனக்குப் பொறாமைதான்.