கீறல் விழாத கார்

அன்று தை மாதத்தின் கடைசி வெள்ளி. மாசி முதல் வெள்ளி என்று அக்கா இன்றும் வாதிடுவாள். கோயில் நாட்காட்டி என் பக்கம். மத்தியானம் அத்தான் எனக்குப் போன் எடுத்தார். குரலில் கொண்டாட்டம்.

"உடன வா, ஒரு புதினம் காட்டுறன். ஒரு பெட்டை காரைக் குறுக்க விட்டிட்டாள். நேருக்கு நேர இடிச்சுப்போட்டன்."

"ஐயோ, உங்களுக்கு ஒண்டும் இல்லையே?"

"எனக்கென்ன? காருக்கே ஒண்டும் இல்லை!"

லண்டனில் வால்தம்ஸ்டோவிலிருந்து பார்க்கிங் என்ற ஊருக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் பதிலை நினைத்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அத்தான் எப்போதும் அப்படித்தான் பேசுவார். அக்காவைக் கட்டியபோது அவரிடம் ஒரு சைக்கிள்கூட இல்லை. ஓய்வு பெற்றபின் அமெரிக்காவிலிருந்து கப்பலில் இறக்கிய கார் இது. ஐம்பதுகளின் கடைசியில் செய்தது, அவரைவிட மூத்தது. வான நீலம், பின்னால் சிறகு மாதிரி இரண்டு செட்டைகள், முன்னால் ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய குரோம் பம்பர். கலிபோர்னிய வெயிலில் கிடந்ததால் துருவே இல்லை. லண்டனின் புகைக் கட்டணத்துக்குப் பயந்து நான் என் டீசல் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஒரு சின்னப் பெற்றோல் கார் வாங்கினேன். அவரோ, பழைய கார் என்ற சலுகையில் கட்டணமே இல்லாமல் நகரமெல்லாம் சுற்றினார். "இவ்வளவு புத்தகம் வாசிச்சும் ஒரு கார் பாத்து வாங்கத் தெரியேல்லையே உனக்கு" என்பார். கலியாண வீடுகளில் மாப்பிள்ளை பொம்பிளையைவிட அந்தக் காரோடு படம் எடுத்தவர்கள் அதிகம்.

நான் போனபோது வீதியோரத்தில் ஒரு புதிய மின்சாரக் கார் நின்றது. அதன் முன்பக்கம் கசக்கி எறிந்த பத்திரிகை மாதிரி இருந்தது. உள்ளே காற்றுப் பைகள் தொங்கின. ஓட்டிவந்த இளம்பெண் நடைபாதையில் நின்று அழுதுகொண்டே போனில் பேசினாள். அவள் மேலில் ஒரு கீறல் இல்லை. அத்தானின் கார் அதற்கு எதிரே, யாரோ விருந்துக்கு அழைத்து வந்தது போல நின்றது. பம்பரில் விரல் நீளத்துக்கு வெள்ளைப் பெயின்ட். அவர் அதைச் சட்டைப் பையிலிருந்த கைலேஞ்சியால் துடைத்தார், அதுவும் போய்விட்டது. அம்புலன்ஸ்காரர் அவரைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். "அந்தப் பிள்ளையைப் பாருங்கோ" என்று அத்தான் கையை ஆட்டிவிட்டார்.

பிறகு எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் செய்தோம். கண்பட்ட நாவூறு கழிந்தது என்று முடிவுகட்டி, நேரே கோயிலுக்குப் போனோம். அத்தானே காரை ஓட்டினார், நான் பின்னால் என் காரில் போனேன். செய்தி அதற்குள் பரவி, அக்கா வந்துவிட்டாள், இன்னும் ஒரு இருபது பேரும்.

"அண்ணை, உது காரே, டாங்கியே?"

"உதுக்குள்ள இருந்தா எமனும் கதவைத் தட்டிப்போட்டுத்தான் வரவேணும்."

அத்தான் சிரித்தார். சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஐயர் காரின் முன்பக்கப் பொன்னட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, நாலு சக்கரத்துக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். தேங்காயை அத்தானிடம் நீட்டினார்கள். தூக்கிய கை தோளோடு நின்றுவிட்டது.

"நீ உடை" என்று என்னிடம் தந்தார். "தோள் கொஞ்சம் பிடிச்சுப் போச்சு."

உடைத்தேன். சரி பாதியாக, வெள்ளை வெளேரென்று பிளந்தது. "நல்ல சகுனம்" என்றார்கள். திரும்பிப் பார்த்தால் அத்தான் அந்தப் பம்பரில் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல். உதடு நீலம். "மூச்சு..." என்றவர் சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, கார் எவ்வளவு சேதம் என்று. அழுதுகொண்டிருந்த நிலையிலும் அக்காவின் குரலில் ஒரு பெருமை எட்டிப்பார்த்தது. ஒரு கீறல்கூட இல்லை என்றாள். டாக்டர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: மோதலின் வேகம் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். புதிய கார் தன்னையே நொறுக்கி அதை வாங்கிக்கொள்ளும். உங்கள் கார் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. முழுவதையும் இவரிடம் கொடுத்துவிட்டது. நெஞ்செலும்பு உடைந்திருக்கிறது, இதயத்தைச் சுற்றி இரத்தம் சேர்கிறது, உடனே சத்திரசிகிச்சை.

"அப்ப, கார் நொறுங்கியிருந்தா?" என்று அக்கா என்னைத் தமிழில் கேட்டாள்.

இருபது பேர் சுற்றி நின்று பம்பரைத் தடவியிருந்தோம். ஒருவரும் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிப் பார்க்கவில்லை.

சத்திரசிகிச்சை முடிந்து, அத்தான் இன்னும் கண் முழிக்காமல் இருக்கும்போதே கோயிலிலிருந்து போன். வெள்ளிக்கிழமை உலாவுக்குச் சுவாமி வெளியே வர வேண்டும், கார் வாசலை மறிக்கிறது, எடுக்க ஏலுமோ என்று. சாவி என்னிடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தும் நான் செய்ய ஒன்றுமில்லை. போனேன்.

அமெரிக்கக் கார் அல்லவா, ஓட்டுபவரின் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முதல் தரத்திலேயே உறுமிப் பிடித்தது. ஒரு இருமல் இல்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபோதுதான் தெரிந்தது. அதன் கீழ்ப்பாதி முன்னோக்கி, ஒரு மனித நெஞ்சின் அகலத்துக்கு, உள்ளே வளைந்திருந்தது. அந்தக் கார் முழுவதிலும் வளைந்திருந்தது அது ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் கோயில்வரை ஓட்டி வந்திருக்கிறார். பிடித்த இடத்திலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, போன் அடித்தது. அக்கா.

"கண் முழிச்சிட்டார். தப்பியாச்சு எண்டு டாக்டர் சொல்லுறார்." ஒரு தரம் மூக்கை உறிஞ்சினாள். "முதல் கேள்வி என்ன தெரியுமே? கார் ஓடுதோ எண்டு கேக்கிறார்."

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடேல்லை எண்டு சொல்லுங்கோ, அக்கா."

அந்தச் சத்தம் அவளுக்குப் போனில் கேட்காமல் இருந்திருக்காது.

"ஓம்" என்றாள். "இனி ஓடாதாம் எண்டு சொல்லுறன்."

சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். இறங்கி, வாசலில் நின்ற நாலு பேரைக் கூப்பிட்டுக் காரைத் தள்ளச் சொன்னேன்.